மலைமேல் ஒரு கணினிக் கடை: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் "அடுத்த ஓஎஸ் எப்படி இருக்கும் என்று யாருக்காவது கேட்கத் தோன்றினால் எழுதுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டது என் தப்புதான். வந்ததைப் பிரித்து மேசையில் அடுக்கினால் ஒரு கட்டு தேறுகிறது. அதனால் இந்த முறை பிரிண்டர், வைஃபை எல்லாம் ஓரமாக நிற்கட்டும், முழுக்க ஓஎஸ்தான், அதாவது விண்டோஸ், ஆண்ட்ராய்டு மாதிரி கணினியையும் போனையும் இயக்குகிற அடிப்படை மென்பொருள். குன்னூரில் இருபது வருடத்துக்கு மேல் கணினி சர்வீஸ் பார்க்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஜோசியம் வராது.

என் கணினி 2016ல் வாங்கியது. ஐ5, ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம். ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று திரையில் அறிவிப்பு வந்தபடியே இருக்கிறது. நன்றாக ஓடுகிற பொருளை எதற்காகத் தூக்கிப் போட வேண்டும்?
*— ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர், குன்னூர்*

தூக்கிப் போடாதீர்கள் ஐயா. உங்கள் கோபம் நியாயமானது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றன. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 வேண்டும் என்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும் என்கிறது. டிபிஎம் என்பது பூட்டுச் சாவிகளை வைத்துக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டகம், போர்டிலோ பிராசஸருக்குள்ளோ இருக்கும். நோக்கத்தில் தப்பில்லை, லேப்டாப் திருடு போனால் உள்ளே இருப்பதை யாரும் படிக்க முடியாது. ஆனால் வீட்டு மேசையை விட்டு நகராத உங்கள் கணினிக்கும் அதே சட்டம்தான். 2015ல் விண்டோஸ் 10 வந்த சமயத்தில் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே மேடையேறி இதுதான் கடைசி விண்டோஸ் என்று பேசினார், ஞாபகம் இருக்கிறதா? ஆறு வருடத்தில் அடுத்தது வந்துவிட்டது.

நான் கடை போட்ட புதிதில் நம்ம ஊரில் கணினியைக் கொன்றது ஈரம். ஆடிச் சாரலில் எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வரும் கேபினெட்டைத் திறந்தால் பழைய கம்பளி வாடை வரும், திருகாணி துருப்பிடித்திருக்கும், ராமின் செம்புப் பற்களில் பச்சை படிந்திருக்கும், ஒருமுறை உள்ளேயிருந்து ராமபாணப் பூச்சி ஒரு குடும்பமே இறங்கி ஓடியது. பள்ளிக்கூட ரப்பரால் ராம் பற்களைத் தேய்த்துத் துடைத்து மறுபடி சொருகினால் பாதிக் கணினிகள் பிழைத்துக்கொள்ளும். இப்போது கடைக்கு வருகிற கணினிகளில் பாதி, நோயே இல்லாத நோயாளிகள். போர்டு நல்லா இருக்கிறது, டிஸ்க் நல்லா இருக்கிறது, தேதிதான் முடிந்துபோய்விட்டது. ஓஎஸ்ஸின் எதிர்காலம் என்று என்னைக் கேட்டால் புதுப் புது ஐகான்களை எல்லாம் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்: பொருளின் ஆயுளைப் பொருள் தீர்மானித்த காலம் போய், எங்கோ இருக்கும் ஒரு காலண்டர் தீர்மானிக்கிற காலம்.

சரி, உங்களுக்கு என்ன வழி? அவசரத்துக்கு ஒன்று: வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டித்துத் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்களோடு சிங்க் செய்ய ஒத்துக்கொண்டால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர் கணக்கு. இது தவணை வாங்குவது மாதிரி, கடன் தீராது.

நிரந்தர வழி லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ். அதில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு, பைசா செலவில்லை, உங்கள் ஐ5-க்கு அது பூப்போல ஓடும். முதலில் பென் டிரைவில் போட்டு, டிஸ்கைத் தொடாமலே இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். மெயில், பேத்தியோடு வீடியோ கால், யூடியூப், கடிதம் அடிப்பது எல்லாம் அப்படியே நடக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை. நீங்கள் கணக்கர். டேலி என்கிற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் லினக்ஸில் ஒரேயடியாக முடியாது என்றில்லை, ஆனால் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இன்னும் நாலு பேருக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கிறீர்கள் என்றால் இந்தக் கணினியில் விண்டோஸையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இணையத்தோடு சேர்க்காமல் டேலிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். லினக்ஸும் சாகாவரம் பெற்றதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த, லினக்ஸின் இன்னொரு வகையான டெபியன் 13, பழைய 32 பிட் பிசிக்களுக்கான இன்ஸ்டாலரைக் கைவிட்டுவிட்டது. ஆனால் அங்கே கைவிடுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தைப் பாருங்கள், அந்த வகைக் கணினிகள் கடையிலிருந்து போயே பல வருடம் ஆகிவிட்டது.

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைப் பக்கம் போனால் மலைச்சரிவோடு சரிவாக 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி நிற்கிறதல்லவா, அது 1970ல் வேலை செய்யத் தொடங்கியது. உடம்பு அதேதான். பின்னால் இருக்கிற மின்னணுக் கருவிகளையும் கணினிகளையும்தான் காலத்துக்கேற்ப மாற்றிக்கொண்டு வருகிறார்கள். உங்கள் கணினிக்கும் அவ்வளவுதான் கேட்கிறேன்.

என் போனில் பேங்க் ஆப், இந்த ஆண்ட்ராய்டு பழசு என்று சொல்லித் திறக்கவே மாட்டேன் என்கிறது. போன் உடையவில்லை, ஒன்றுமில்லை. மகளிர் குழுப் பணம் எல்லாம் அதில்தான்.
*— வாசகி, கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி*

அக்கா, மேலே ஐயாவுக்குச் சொன்ன கதையேதான், போனில் இன்னும் சீக்கிரம் நடக்கும். பேங்க் மேல் கோபப்பட்டுப் பயனில்லை, ஓட்டை அடைக்காத ஓஎஸ்ஸில் பணத்தை நடமாட விட அவர்களும் பயப்படுகிறார்கள். பணத்துக்கு மட்டும் வேறு போனுக்கு மாறிவிடுங்கள், பழையதைப் பாட்டுக் கேட்க வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த போன் வாங்கும்போது கடைக்காரரிடம் கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்கிற அதே மூச்சில், எத்தனை வருடத்துக்கு அப்டேட் வரும் என்று கேளுங்கள். முழிப்பார். முழிக்கட்டும். கூகுள் பிக்ஸல் 8 வந்த 2023லிருந்து 7 வருடம் என்று வாக்குக் கொடுக்கிறது, அடுத்த வருடம் சாம்சங்கும் எஸ்24-க்கு அதையே சொன்னது. இதெல்லாம் விலை கூடிய போன்கள், நம்ம பட்ஜெட்டில் வருகிறவற்றுக்குப் பெரும்பாலும் அவ்வளவு கிடையாது. ஐரோப்பாவில் 2025 ஜூனிலிருந்து சட்டமே போட்டுவிட்டார்கள்: ஒரு மாடலை விற்பதை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் ஓஎஸ் அப்டேட் கிடைக்க வேண்டும். நம்ம ஊரில் பிஸ்கட் பாக்கெட்டுக்குக் காலாவதித் தேதி அச்சடிக்கச் சொல்கிறோம், பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்குக் கிடையாது.

ஏஐ வந்துவிட்டதால் இனி ஓஎஸ்ஸே தேவைப்படாதாமே? பேசினால் போதும், எல்லாவற்றையும் அதுவே செய்துவிடும் என்கிறார்கள். உண்மையா அண்ணா?
*— பிளஸ் டூ மாணவர், கூடலூர்*

தம்பி, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயிலில் ஏறி வந்திருக்கிறாயா? முதல் பெட்டியில் முன்னால் உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே எஞ்சினே இருக்காது. பிரேக்ஸ்மேன் கொடியோடு நிற்பார், அவருக்கு முன்னால் தண்டவாளமும் காடும்தான். சுற்றுலா வந்த குழந்தைகள் எல்லாம் "எஞ்சின் இல்லாமலே போகுது" என்று கத்தும். எஞ்சின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வருகிறது, அடியில் பல்சக்கரம் தண்டவாளப் பல்லைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஒரு அடி ஏற்றம் என்கிற அளவுக்குச் செங்குத்து, பல் விட்டுப்போனால் கதை வேறு.

ஓஎஸ் இனி அப்படித்தான் ஆகப் போகிறது. முன்னால் தெரியாது. பேச்சு, படம், பதில் எல்லாம் முன்பெட்டியில். ஆனால் எந்த வேலைக்கு பிராசஸரில் எத்தனை நொடித் துணுக்கு, எந்தப் புரோகிராமுக்கு மெமரியில் எவ்வளவு இடம், எதை யார் படிக்கலாம், டிஸ்கில் எங்கே எழுதுவது என்று பார்த்துக்கொள்கிற கெர்னல் பின்னால் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். ஏஐ அந்த ரயிலில் ஒரு பயணி. கனமான பயணி. ஏஐ வசதியோடு கோபைலட் பிளஸ் என்று விற்கிற லேப்டாப்புகளுக்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி ராம் வேண்டும். விண்டோஸ் 95-க்கு 4 எம்பி இருந்தால் போதும் என்றார்கள், கணக்குப் போட்டால் நாலாயிரம் மடங்குக்கு மேல்.

நிஜமான மாற்றம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. 1969ல் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்ற ஓஎஸ்ஸை எழுதத் தொடங்கிய காலத்திலிருந்து கணினியில் ஒரு நம்பிக்கை இருந்தது: நீ ஓட்டுகிற புரோகிராம் நீதான். உனக்கு என்னென்ன ஃபைலைத் தொட உரிமை உண்டோ, அதெல்லாம் அந்தப் புரோகிராமுக்கும் உண்டு. கம்ப்யூட்டர் கேம் ஒன்று உன் அப்பாவின் பான் கார்டு ஸ்கேனைப் படிக்க நினைத்தால் படிக்கலாம், தடுக்க ஆளில்லை. ஆண்ட்ராய்டு இதை மாற்றியது. ஒவ்வொரு ஆப்பையும் தனித்தனிக் குடித்தனக்காரர் மாதிரி நடத்தியது, ஒரு வீட்டுக்காரர் அடுத்த வீட்டுக்குள் நுழைய வேண்டுமென்றால் கதவைத் தட்டி உன்னிடம் கேட்க வேண்டும். "கேமராவை அனுமதிக்கவா" என்று வருகிறதே, அதுதான்.

இப்போது ஏஐ உதவியாளர் வந்து என்ன கேட்கிறது என்றால், எல்லா வீட்டுச் சாவியும் என்னிடம் கொடு, நான்தான் உன் சார்பில் மெயில் படித்து டிக்கெட் போட்டுப் பணம் கட்ட வேண்டுமே என்கிறது. கொடுத்தோம் என்று வை. அது படிக்கிற ஒரு வெப் பக்கத்தின் மூலையில் யாரோ "இந்த ஆளின் மெயிலை எல்லாம் இந்த முகவரிக்கு அனுப்பு" என்று எழுதி வைத்திருந்தால்? படிக்க வேண்டிய எழுத்து எது, கீழ்ப்படிய வேண்டிய கட்டளை எது என்று இந்த ஏஐகளுக்கு இன்னும் நிச்சயமாகப் பிரிக்கத் தெரியவில்லை. அடுத்த பத்து வருடம் ஓஎஸ் எழுதுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளப் போவது இந்தச் சாவிக்கொத்துப் பிரச்சினையில்தான் என்பது என் கணிப்பு.

ஒரு முன்னோட்டம் பார்த்தும்விட்டோம். 2024 மே மாதம் ரீகால் என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது, சில நொடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு "போன வாரம் பார்த்த அந்த நீலச் சட்டை எங்கே" என்று கேட்டால் எடுத்துக் காட்டும். பாதுகாப்பு ஆட்கள் சோதனைப் பதிப்பைத் திறந்து பார்த்தால், படித்ததெல்லாம் பூட்டே இல்லாத ஒரு டேட்டாபேஸில் கிடந்தது. பெரிய கூச்சல். வெளியீட்டைத் தள்ளிப் போட்டு, பூட்டுப் போட்டு, வேண்டுமென்றால் மட்டும் நாமே ஆன் செய்துகொள்ளும்படி மாற்றி, 2025 ஏப்ரலில்தான் பரவலாக விட்டார்கள். பல்சக்கரத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்த கதை.

ஆகவே, பேசக் கற்றுக்கொள், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் படி. அந்த ஆட்களுக்குத்தான் பஞ்சம்.

லினக்ஸ் எப்போதுதான் ஜெயிக்கும்?
*— பெயர் வேண்டாம், ஊட்டி*

ஜெயித்து வெகுநாள் ஆயிற்று. ஆண்ட்ராய்டு போனின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். உலகின் அதிவேக 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 நவம்பர் பட்டியலிலிருந்து லினக்ஸில்தான். 1991 ஆகஸ்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர், சும்மா பொழுதுபோக்குக்கு எழுதுகிறேன், பெரிசாக ஒன்றும் வராது என்று சொல்லித்தான் அறிவித்தார். நீங்கள் கேட்பது மேசைக் கணினியில் எப்போது என்றால், அதற்கு விண்டோஸ் 11 தன்னால் முடிந்த உதவியைச் செய்துகொண்டிருக்கிறது.

2011க்குப் பிறகு பள்ளி மாணவர்களுக்கு வந்த இலவச லேப்டாப்பில் பாஸ் என்று நம் நாட்டு ஓஎஸ் இருந்தது. பிள்ளைகள் யாரும் அதைத் தொடவில்லை. நமக்கென்று சொந்த ஓஎஸ் வேண்டும் என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது நடக்கிற காரியமா?
*— ஆசிரியை, அரசுப் பள்ளி, கேத்தி*

டீச்சர், அந்த லேப்டாப்புகள் எங்கள் கடைக்கும் நிறைய வந்தன. ஆன் செய்தால் விண்டோஸா பாஸா என்று கேட்கும். பிள்ளைகள் அம்புக்குறியை விண்டோஸுக்கு நகர்த்திப் பழகியிருப்பார்கள், சிலர் "அண்ணா அந்த ரெண்டாவதை எடுத்துருங்க, இடத்தை அடைக்குது" என்பார்கள். எடுத்தும் கொடுத்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை.

பாஸ், மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளை உருவாக்கி 2007ல் வெளியிட்டது, டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. பாதுகாப்பு அமைச்சகத்துக்கான மாயா 2023ல் பேசப்பட்டது, அது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் மேல். அதே வருடம் ஜனவரியில் சென்னை ஐஐடி வளர்ப்பில் வந்த பார்ஓஎஸ், ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்தின் (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய பகுதியின்) மேல். கவனித்தீர்களா, மூன்றும் யாரோ கட்டிய அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய வீடு. அது குற்றமில்லை. புத்திசாலித்தனமும் அதுதான், ஏனென்றால் லினக்ஸ் கெர்னல் மட்டுமே சுமார் 4 கோடி வரிகள், அதைப் புதிதாக எழுதுகிறேன் என்று இறங்குகிறவருக்கு ஆயுசு போதாது.

ஓஎஸ் எழுதுவதைவிட அதைச் சுற்றி ஊர் உண்டாக்குவதுதான் கஷ்டம். ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் என்று ஒன்று 2013ல் போனில் வந்தது, ஆப் இல்லை, ஆள் இல்லை, சில வருடத்தில் படுத்துவிட்டது. ஆனால் அதன் மிச்சத்திலிருந்து முளைத்த கைஓஎஸ் 2017ல் ஜியோபோனில் ஏறி நம்ம ஊர்ச் சந்தைக்கே வந்தது. பட்டன் போனில் வாட்ஸப் பார்த்தவர்களுக்குத் தெரியாது அது எந்த ஓஎஸ் என்று. சீனப் போன் கம்பெனி ஹுவாவேயின் கதை இன்னும் கடுமை: 2019 மே மாதம் அமெரிக்கா தடைப் பட்டியலில் வைத்தது, ஆகஸ்டில் ஹார்மனி ஓஎஸ்ஸை அறிவித்தார்கள், ஆண்ட்ராய்டு ஆப்பே ஓடாத முழுத் தனிப் பதிப்பு வர 2024 அக்டோபர் ஆனது. அவ்வளவு பணமும் அவ்வளவு பெரிய உள்நாட்டுச் சந்தையும் இருந்து ஐந்து வருடம். வேறு வழியே இல்லை என்ற நிலை வந்தால்தான் அந்த உழைப்பு வரும்போல.

எனக்குக் கேட்டால், கொடி குத்திய ஓஎஸ்ஸைவிட எல்லா ஓஎஸ்ஸிலும் நம் எழுத்து ஒழுங்காக உட்காருவதில்தான் ஆதாயம். 'கொ' என்று அடிக்கிறீர்கள். கணினி வைத்துக்கொள்வது முதலில் க, அடுத்து ஒகரக் குறி. ஆனால் திரையில் வரையும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து பாதியைக் க-வுக்கு முன்னாலும் பாதியைப் பின்னாலும் வைக்க வேண்டும். இதைச் செய்கிற ஒரு சின்னப் பகுதி சரியில்லாதபோது எத்தனை வருடம் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பார்த்திருக்கிறோம். இன்று ஆண்ட்ராய்டு, ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ் எல்லாவற்றிலும் அதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்கிற ஒரே பொதுச் சொத்து, ஒரு இடத்தில் திருத்தினால் அத்தனையிலும் சரியாகிறது. போன மாதம்கூட ஒருவர் பதினைந்து வருடத்துக்கு முந்தைய சங்கக் கடிதங்களை பென் டிரைவில் கொண்டுவந்தார், பாமினி எழுத்துருவில் அடித்தவை. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்துகட்டிய கூழ். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஓஎஸ் எந்த நாட்டுடையது என்று அவர் கேட்கவில்லை, கடிதம் திறக்குமா என்றுதான் கேட்டார்.

பிள்ளைகள் தொடவில்லை என்றீர்களே, கேரளத்துப் பள்ளிகளில் பல வருடமாக லினக்ஸில்தான் பாடம் நடக்கிறது. அங்கே அதில் பாடம் எழுதினார்கள், ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பரீட்சையும் அதில் வைத்தார்கள். நாம் லேப்டாப்பில் போட்டுக் கொடுத்ததோடு சரி.

2024 ஜூலையில் உலகம் முழுக்க நீலத்திரை வந்து விமானமெல்லாம் நின்றதே, அன்று என் ஹோம்ஸ்டேக்கு வர வேண்டிய மூன்று குடும்பம் வரவில்லை. அது மறுபடி நடக்குமா?
*— ஹோம்ஸ்டே நடத்துபவர், குன்னூர்*

நடக்கலாம், ஆனால் அதே மாதிரி நடப்பது குறையும். ஜூலை 19, கையால் எழுதிய போர்டிங் பாஸ் படம் எல்லார் போனிலும் வந்ததே அந்த நாள். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் ஒரு தப்பான ஃபைலை அனுப்பியது, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. உலகின் விண்டோஸ் கணினிகளில் அது நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் அந்த ஒன்று ஆஸ்பத்திரி, விமானம், வங்கி.

காரணம் இடம்தான். அந்த மென்பொருளின் ஒரு பகுதி கெர்னலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. வெளியே ஓடுகிற ஆப் மயங்கி விழுந்தால் ஆப் மட்டும் போகும், கெர்னலுக்குள் இருப்பது விழுந்தால் வண்டியே நிற்கும். ஆப்பிள் ஏற்கனவே இந்த மாதிரிச் சங்கதிகளைக் கெர்னலுக்கு வெளியே தள்ள ஆரம்பித்திருந்தது, இப்போது மைக்ரோசாஃப்டும் அந்த வழிக்கு வருகிறது. எதெல்லாம் உள்ளே இருக்கலாம் என்பது புதுச் சண்டையும் இல்லை. 1992லேயே பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், கெர்னல் சின்னதாக இருக்க வேண்டும், லினக்ஸ் மாதிரி எல்லாவற்றையும் உள்ளே திணிப்பது பழைய பாணி என்று டோர்வால்ட்ஸோடு மோதினார். அன்று டோர்வால்ட்ஸ் கட்சி ஜெயித்தது. ஆனால் டானென்பாம் எழுதிய மினிக்ஸ் என்ற ஓஎஸ், இன்டெல் சிப்களுக்குள் மறைவாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று 2017ல் தெரியவந்தபோது அவருக்கே அது செய்தி!

வராத அந்தக் குடும்பங்களைப் பற்றி: முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு ஓஎஸ் தேவையில்லை.

கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு. சி படிப்பதா, ரஸ்ட் படிப்பதா?
*— கல்லூரி மாணவி, ஊட்டி*

இரண்டும். புரோகிராம் எழுதுகிற மொழிகள்தானே, சி முதலில், நாலு மாதம் போதும். மெமரியை நீயே வாங்கி நீயே திருப்பிக் கொடுக்கிற வேலையில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டால்தான் ரஸ்ட் எதற்காக அவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்று புரியும். மைக்ரோசாஃப்ட் 2019ல் சொன்ன கணக்கு, வருடா வருடம் அவர்கள் அடைக்கிற பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் மெமரியைத் தப்பாகத் தொட்டதால் வருகிறவை. ஆண்ட்ராய்டில் புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மாற்றிக்கொண்டே வந்ததில், அந்த வகை ஓட்டைகளின் பங்கு 2019ல் 76 சதவீதமாக இருந்தது 2024ல் 24-க்கு இறங்கியது. கவனி, பழைய புரோகிராமை யாரும் உடைத்து எழுதவில்லை, புதியதை மட்டும் மாற்றினார்கள். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1லிருந்து கெர்னலுக்குள்ளும் ரஸ்டுக்கு இடம் கிடைத்திருக்கிறது. சி தெரிந்த பெரியவர்கள் சிலர் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவளுக்கு வேலை நிச்சயம்.

2000ல் ஒய்2கே என்று பயமுறுத்தினார்கள், ஒன்றும் ஆகவில்லை. இப்போது 2038 என்கிறார்கள். இதுவும் அதே புரளிதானே?
*— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், வெலிங்டன்*

ஒய்2கே என்பது, வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிய கணினிகள் 2000 பிறந்ததும் குழம்பும் என்ற பயம். அதில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் ஆயிரக்கணக்கான பேர் முன்கூட்டியே உட்கார்ந்து திருத்தியது. உங்கள் வங்கியிலேயே யாராவது ராத்திரி கண் விழித்திருப்பார்கள்.

2038 இப்படி. யூனிக்ஸ் வழி வந்த ஓஎஸ்கள் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி ஆயிற்று என்று எண்ணித்தான் நேரம் வைக்கின்றன. பழைய 32 பிட் பெட்டியில் அந்த எண்ணிக்கை 2,147,483,647 வரைதான் கொள்ளும். அது நிரம்புவது 2038 ஜனவரி 19, நம்ம நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் எண் மைனஸுக்குத் திரும்பி, கடிகாரம் 1901 டிசம்பருக்குப் போய்விடும். அப்போது ரயில் குன்னூர் வரை வந்திருந்தது, ஊட்டிக்கு வர இன்னும் ஏழு வருடம் பாக்கி.

64 பிட் ஓஎஸ்களில் இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை, அந்தப் பெட்டி நிரம்ப 29,200 கோடி வருடம் ஆகும். 32 பிட்டிலும் லினக்ஸ் கெர்னல் 2020ல் 5.6 பதிப்பில் திருத்தப்பட்டுவிட்டது. சிக்கல் யாரும் அப்டேட் செய்யாத கருவிகளில். சிசிடிவி பெட்டி, வாசல் கேட்டைத் தானாகத் திறக்கிற கன்ட்ரோலர், தண்ணீர் மோட்டார் டைமர், எங்கோ ஒரு தொழிற்சாலைச் சுவரில் 2012ல் மாட்டி மறந்த டப்பா. அதற்கு ஓஎஸ் எழுதிய கம்பெனி இருக்கிறதா என்பதே சந்தேகம். உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் தேதியை 2038 ஜனவரி 20க்கு மாற்றி வைத்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், ஆனால் சிசிடிவியில் செய்வதற்கு முன் பழைய பதிவுகளைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், புதுத் தேதியைப் பார்த்துப் பழசு என்று அது அழித்துவிடக்கூடும்.

அன்று செவ்வாய்க்கிழமை வருகிறது. நான் கடை திறப்பது ஒன்பதரைக்குத்தான், 8.44க்கு வந்து ஷட்டரைத் தட்டாதீர்கள்.